வாளுக்கு ஒரு கதை இருக்கட்டும்: தமிழில் ஆர்பிஜி செய்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். தமிழ் மண்ணில் நடக்கிற ஒரு ரோல்பிளேயிங் கேமை (ஆர்பிஜி, நாமே ஒரு கதாபாத்திரமாகி ஆடுவது) தமிழிலேயே செய்துவிட வேண்டும் என்று ஹாஸ்டல் அறையிலும் வாடகை வீட்டு மாடியிலும் ராத்திரி கண்விழித்து வேலை பார்க்கிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் சிலருடைய சோதனைப் பதிப்புகளை விளையாடிப் பார்த்தேன். யானைமலையைத் திரையில் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. பிறகு முதல் பெட்டியைத் திறந்தேன். 'சாதாரண வாள், தாக்குதல் 12' என்று இருந்தது. அடுத்த பெட்டியில் 'அரிய வாள், தாக்குதல் 15'. அதற்கடுத்ததில் ஊதா எழுத்தில் 'காவிய வாள், தாக்குதல் 21'. மூன்றுக்கும் ஒரே படம், ஒரே வீச்சு, ஒரே சத்தம். யானைமலையை அவ்வளவு பார்த்துப் பார்த்து வரைந்த கை, வாளை மட்டும் ஏன் இப்படி விட்டுவிட்டது என்று வருத்தமாக இருந்தது.

நான் கேம் செய்கிறவன் இல்லை, ஆடுகிறவன். சிம்மக்கல் பக்கம் பிரௌசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து டயாப்லோ 2 ஆடத் தொடங்கிய தலைமுறை. இத்தனை வருஷம் ஆடியதில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. ஆர்பிஜியில் கியர், அதாவது வாள், கவசம் மாதிரியான பொருள்கள், பரிசு மட்டும் கிடையாது. ஆடுகிறவன் அந்த உலகத்தில் எங்கே போனான், யாரோடு மோதினான், எதை விட்டுக்கொடுத்து எதை எடுத்துக்கொண்டான் என்பதெல்லாம் அவன் கையிலும் உடம்பிலும் தெரிய வேண்டும். அது தெரியாத கேமில் எத்தனை ஆயிரம் வாள் இருந்தாலும் நமக்கு ஒன்றுதான்.

மதுரையிலிருந்து மானாமதுரை போகிற சாலையில் சிலைமான், திருப்புவனம் தாண்டினால் திருப்பாச்சேத்தி. அரிவாளுக்குப் பேர்போன ஊர். அங்கே ஒரு பட்டறையில் போய் நின்று "நல்ல அரிவாளாக ஒண்ணு குடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். எடுத்துக் கொடுக்க மாட்டார்கள். "என்ன வேலைக்கு?" என்று திருப்பிக் கேட்பார்கள். கதிர் அறுக்கவா, கருவேலம் வெட்டவா, இளநீர் சீவவா, சாமிக்குச் சாத்தவா? கதிரரிவாள் மெலிந்து வளைந்து, உள்வாயில் கருக்கு வைத்து இருக்கும். வெட்டரிவாளில் முன்பக்கம் கனம் கூடும், அந்தக் கனமே பாதி வெட்டை வெட்டிவிடும். பாளை சீவுகிற அரிவாளோ சவரக்கத்தி மாதிரி. கதிரரிவாளால் கருவேலத்தைத் தொட்டால் வாய் மடங்கிவிடும். வெட்டரிவாளை வைத்துக்கொண்டு வயலில் இறங்கினால் அரைமணி நேரத்தில் மணிக்கட்டு விட்டுப்போகும். இதில் எது உசத்தி என்று கேட்டால் அங்கே யாருக்கும் கேள்வியே புரியாது.

இரும்பு பெரும்பாலும் பழைய லாரி ஸ்பிரிங் பட்டை. அதை உலையில் சிவக்கக் காய்ச்சி, கொறட்டில் பிடித்து, சம்மட்டியால் அடித்து வாயை விரித்துக் கொண்டுவந்து, கடைசியில் தண்ணீரில் தோய்ப்பார்கள். அந்தப் பதத்தில்தான் எல்லாம். கொஞ்சம் கூடினால் வாய் தெறிக்கும், குறைந்தால் மழுங்கும். அப்படி ஒரு பதத்தில் இறங்கிய அரிவாளை யாரும் லேசில் தூக்கிப் போடுவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறையாவது அது பட்டறைக்குத் திரும்பி வரும். வாயைத் தட்டிச் சாணை பிடிப்பார்கள், ஆடுகிற காம்பைக் கழற்றிப் புதுக் காம்பு செருகிப் பூண் இறுக்குவார்கள். எங்கள் தாத்தா வைத்திருந்த வெட்டரிவாள் இன்றைக்கும் சித்தப்பா வீட்டில் இருக்கிறது. தேய்ந்து தேய்ந்து அகலம் பாதியாகிவிட்டது. புதுசு வாங்கலாமா என்று சித்தப்பா கேட்டதற்குப் பட்டறைக்காரர் சொன்னது: "எதுக்கு? இது நல்ல இரும்பு. காம்ப மட்டும் மாத்திக்கிருங்க, இன்னும் ஒரு தலைமுறை ஓடும்."

இந்த ஒரு அரிவாளில் உங்கள் கியர் சிஸ்டம் மொத்தமும் இருக்கிறது. வேலைக்கு ஏற்ற வகை, கைப்பழக்கம், தேய்மானம், பழுதுபார்க்கிற ஆள், யாருடையது என்கிற கதை. தாக்குதல் எண் என்பது இவ்வளவுக்கும் பிறகு வந்தால் போதும்.

நமக்கு இது புது யோசனையும் இல்லை. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார் அவனுடைய ஆயுதச்சாலையைப் பார்த்துப் பாடியது புறநானூற்றில் 95-ஆம் பாட்டு. இங்கே இருக்கிற ஆயுதங்கள் மயில்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி, காவலோடு அரண்மனையில் இருக்கின்றன. எங்கள் மன்னனுடையவையோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து எப்போதும் கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். நம் கேம்களில் இன்வென்டரி (பொருள் வைக்கிற பை) முழுக்கத் தொண்டைமானின் ஆயுதச்சாலையாகத்தான் இருக்கிறது. முறிந்த நுனியோடு ஓர் ஈட்டியைக் கொடுங்கள் என்கிறேன்.

இப்போது எண் விஷயம். உங்கள் வாள் 20 அடிக்கிறது, ஓநாய்க்கு எச்பி (உயிர்ப்புள்ளி) 100. ஐந்து வெட்டு. நாற்பது லெவல் கழித்து வாள் 2,000 அடிக்கிறது, ஓநாய்க்கு 10,000. அப்போதும் ஐந்து வெட்டு. இடையில் ஆடுகிறவன் நூறு மணி நேரம் செலவழித்திருக்கிறான். அவன் கையில் என்ன மாறியது? வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய கேம் 2004-ல் தொடங்கியது. ஒவ்வொரு விரிவாக்கத்துக்கும் கியர் எண் ஏறிக்கொண்டே போய், எண்களை ஒட்டுமொத்தமாகச் சுருக்க வேண்டிய நிலை 2014-ல் வந்தது. 2018-ல் மறுபடி சுருக்கினார்கள். 2020-ல் லெவலின் உச்சவரம்பையே 120-லிருந்து 60-க்கு இறக்கினார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே வந்த நெருக்கடி இது. 2007-ல் வந்த முதல் விரிவாக்கத்தில், நாற்பது பேர் சேர்ந்து மாதக்கணக்கில் ரெய்டு போய்ச் சம்பாதித்த உயர்தர ஊதா கியரைப் புது ஊரின் ஆரம்ப வேலைகளில் கிடைத்த சுமாரான பச்சைச் சட்டை ஓரங்கட்டியது. அந்த நாற்பது பேரின் உழைப்பும் அதோடு போயிற்று.

பதிலுக்கு டார்க் சோல்ஸைப் பாருங்கள். 2011-ல் வந்தது. ஆரம்பத்தில் கையில் கிடைக்கிற சாதாரணக் கத்தியைக் கொல்லனிடம் கொண்டுபோய் டைட்டனைட் என்ற கனிமத்தைக் கொடுத்து +15 வரைக்கும் ஏற்றலாம். கடைசி பாஸ் (பெரிய எதிரி) வரைக்கும் அந்தக் கத்தியே போதும். புதிதாகக் கிடைக்கிற ஆயுதம் உங்கள் பழசைக் காலி செய்வதற்காக வருவதில்லை. இன்னொரு விதமாகச் சண்டை போடலாமே என்று கூப்பிடுகிறது. ஈட்டி என்றால் கேடயத்துக்குப் பின்னால் நின்று குத்தலாம், பெரும் சுத்தியல் என்றால் மெதுவாக ஓங்கினாலும் எதிரி நிலைகுலைவான். கவசத்திலும் அப்படித்தான். மொத்த எடை உங்கள் தாங்குதிறனில் கால்வாசிக்குள் இருந்தால் உருண்டு தப்புவது வேகமாக இருக்கும், பாதியைத் தாண்டினால் மூட்டை மாதிரி விழுவீர்கள். கனமான கவசம் போடுவது ஒரு முடிவு, அதற்கு ஒரு விலை உண்டு. இதைத்தான் திருப்பாச்சேத்திக் கணக்கு என்கிறேன். கொல்லன் ஒரு மெனு பட்டனாக இல்லாமல் ஓர் ஆளாக, ஓர் இடத்தில் உட்கார்ந்து சம்மட்டி அடித்துக்கொண்டிருப்பதும் அந்த கேமின் அழகு. நீங்கள் செய்யும்போது அந்த ஆளுக்கு ஒரு பேர் வையுங்கள், பேச்சு வையுங்கள். "இத எங்கிட்டுருந்து எடுத்துட்டு வந்த?" என்று அவர் கேட்கட்டும்.

எங்கே எதை வைப்பது என்பதில்தான் அதிகம் கவனம் வேண்டும் என்று நினைக்கிறேன். 2006-ல் வந்த ஆப்லிவியனில் ஆடுகிறவனின் லெவலுக்கு ஏற்ப உலகமே கூடவே ஏறும். விளைவாக, நீங்கள் லெவல் ஏறிய பிறகு சாலையோரத்துத் திருடன்கூட விலைமதிக்க முடியாத கண்ணாடிக் கவசம் போட்டுக்கொண்டு வந்து உங்களிடம் சில்லறை கேட்பான். அந்தக் கவசத்தை விற்றாலே அவன் ஒரு தெருவை வாங்கிவிடலாம். உலகத்தின் மேல் இருந்த நம்பிக்கை அந்த இடத்தில் உடைகிறது. வேலைக்குப் பரிசாக வருகிற பொருளும் நீங்கள் எந்த லெவலில் முடித்தீர்களோ அந்த அளவோடு நின்றுவிடும். சீக்கிரம் முடித்தவனுக்குத் தண்டனை. இதே வரிசையில் 2002-ல் வந்த மாரோவிண்டில் முக்கியமான பொருள்கள் அதனதன் இடத்தில் கையால் வைக்கப்பட்டிருந்தன. தெரிந்தவன் முதல் நாளே துணிந்து போய் எடுக்கலாம், செத்தால் அது அவன் பாடு.

விட்சர் 3 எனக்கு மிகவும் பிடித்த கேம். 2015-ல் வந்தது, கதையில் இன்றைக்கும் அதற்கு ஈடு சொல்வது கஷ்டம். ஆனால் அதிலும் பழங்காலக் கல்லறையில் பேயோடு போராடி எடுத்த பேர்பெற்ற வாளைச் சில மணி நேரத்தில் ஏதோ ஒரு கொள்ளைக்காரனின் பெட்டியில் கிடந்த வாள் தள்ளிவிடும், லெவல் எண் கூட என்பதால் மட்டும். அந்த கேமில் நான் மனசார அனுபவித்தது விட்சர் (காசுக்கு அரக்கர்களை வேட்டையாடுகிறவர்) பள்ளிகளின் கியரைத்தான். வரைபடத்தைத் தேடி இடிந்த கோட்டைக்குப் போக வேண்டும், யாரோ எழுதி வைத்த குறிப்பைப் படிக்க வேண்டும், பிறகு அதே செட்டைப் படிப்படியாக மேம்படுத்தலாம். கடைசி வரைக்கும் அது உங்கள் செட்தான்.

பால்டர்ஸ் கேட் 3 (2023) இன்னும் ஒருபடி மேல். லெவல் 12-க்கு மேல் கிடையாது, வாளில் +1, +2 என்று ஏறினாலே பெரிய விஷயம். ஆரம்பக் கப்பல் காட்சியிலேயே ஒரு தளபதி தீப்பற்றிய பெருவாளோடு நிற்பான். அவனை வீழ்த்த முடிந்தால், அல்லது கையிலிருப்பதைக் கீழே போட வைக்க முடிந்தால், அந்த வாள் உங்களுடையது. எதிரி கையில் எதைப் பார்த்தேனோ அதையே எடுத்தேன் என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஓநாய் வயிற்றிலிருந்து இரும்புக் கவசம் விழுகிற கேம்களில் அது இல்லை.

இதை நம்ம ஊருக்குக் கொண்டுவாருங்கள். சமணர் மலையில் ஒரு வாள் கிடைத்தால் அது எப்படி அங்கே வந்தது? கொல்லாமை நோன்பிருந்த துறவிகளின் குகையில் ஆயுதம் இருக்கிறது என்றாலே ஒரு கேள்வி எழும். யாரோ ஒருவன் இனி வேண்டாம் என்று அங்கே வைத்துவிட்டுப் போயிருக்கலாம். அதை எடுக்கலாமா கூடாதா என்று ஆடுகிறவன் ஒரு நிமிஷம் நின்று யோசிக்கட்டும். மாங்குளம் மலையில் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட தமிழி (தமிழ்-பிராமி) கல்வெட்டு இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் பெட்டி எதற்கு, கல்வெட்டைப் படிக்கிறவனுக்கு வழி தெரிந்தால் போதாதா? கொற்கை முத்து வடக்கே தெருவில் கிடக்கக் கூடாது. இரும்பு மலிவாகக் கிடைக்கிற ஊர், கிடைக்காத ஊர் என்று உங்கள் வரைபடத்தில் இருக்கட்டும். இப்படி இருபது, முப்பது பொருளைக் கையால் யோசித்து வைத்தாலே அந்த கேமுக்கு ஒரு முகம் வந்துவிடும். ஆயிரம் வாளைக் கம்ப்யூட்டர் கலந்து தரும்போது அது வராது.

அதற்காக, எது விழும் என்பதை அதிர்ஷ்டத்துக்கு விடுகிற குலுக்கலே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 1980-ல் வந்த ரோக் தொடங்கி டயாப்லோ வரைக்கும் ஒரு பெரிய பரம்பரை குலுக்கலில் வளர்ந்தது. என்ன விழும் என்று தெரியாத அந்த ஒரு நொடிக்கு நானும் அடிமைதான். கீழடியில் தோண்டியபோது தந்தத்தில் செய்த பகடையும் சுடுமண் ஆட்டக்காய்களும் கிடைத்திருக்கின்றன, ஆகவே இந்த ருசி நம் பக்கத்துக்கு இன்று நேற்று வந்ததில்லை. குலுக்குவதாக இருந்தால் கணக்குத் தெரிந்து குலுக்குங்கள், அவ்வளவுதான்.

பாஸ் ஒன்றிடம் ஒரு வேல் 1 சதவீத வாய்ப்பில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு முறை அடித்தால் கிடைத்துவிடும் என்று தோன்றும். கணக்கு வேறு. ஆயிரம் பேர் ஆளுக்கு நூறு முறை அடித்தால் அதில் சுமார் 366 பேருக்கு வேல் கிடைத்திருக்காது. முந்நூறு முறை அடித்த பிறகும் 49 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். அந்த 49 பேரும் உங்கள் கேமை நேசித்து முந்நூறு முறை வந்தவர்கள், அவர்களைத்தான் நீங்கள் விரட்டுகிறீர்கள். இதற்கு மருந்து சுலபம். முதல் அறுபது முறைக்கு 1 சதவீதமே இருக்கட்டும். அதற்குள் கிடைக்காவிட்டால் பிறகு ஒவ்வொரு முறையும் ஒரு சதவீதம் கூட்டிக்கொண்டே போங்கள். 61-ஆவது முறை 2, அடுத்தது 3, இப்படி. எண்பதாவது முறைக்குள் நூற்றில் 95 பேருக்குக் கிடைத்துவிடும். நாலு வரி புரோகிராம்தான். முதல் முறையே விழுந்தவனின் சந்தோஷமும் அப்படியே இருக்கும்.

டயாப்லோ 3-ன் கதையை உங்கள் அணியில் எல்லோரும் படித்துவிட வேண்டும். 2012 மே மாதம் வந்தது. பொருள்களை ஏலம் விடுவதற்கு ஒரு சந்தை, அதில் நிஜப் பணத்துக்கும் விற்கலாம் என்று வைத்தார்கள். அரக்கனைக் கொன்று எடுப்பதைவிடச் சந்தையில் போய் வாங்குவது லாபமாக இருந்தது. விழுகிற பொருளும் பெரும்பாலும் உங்கள் கதாபாத்திரத்துக்கு ஆகாததாகவே இருந்தது, மந்திரவாதிக்குக் காட்டுமிராண்டியின் கோடாலி. அரக்கனைக் கொன்று நல்ல பொருள் எடுப்பதுதான் டயாப்லோவின் உயிர், அதையே இந்தச் சந்தை கெடுக்கிறது என்று செய்தவர்களே சொல்லி, 2014 மார்ச் 18 அன்று அதை மூடினார்கள். மூடுவதற்குச் சில வாரம் முன்பு லூட் (எதிரியைக் கொன்றால் விழும் பொருள்) முறையையும் மாற்றினார்கள். விழுவது குறைந்தது, விழுந்தது உங்கள் கதாபாத்திர வகைக்குப் பொருந்தியது, லெஜண்டரி (மிக அரிய) பொருள் என்றால் ஒரு திறமை வேலை செய்கிற விதத்தையே மாற்றுகிற மாதிரி ஆனது. கேம் உயிர்பெற்று எழுந்தது அந்த மாற்றத்தால்தான். ஒரு தொப்பி கிடைத்ததும் 'அடடா, இதை வைத்து வேறு பில்ட் (திறமைகளும் பொருள்களும் சேர்ந்த அமைப்பு) போடலாமே' என்று ராத்திரி தூக்கம் போக வேண்டும். 3 சதவீத டேமேஜ் கூடியதற்கு யாருக்கும் தூக்கம் போகாது.

காசைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டயாப்லோ 2-ல் தங்கம் எங்கே பார்த்தாலும் கொட்டிக் கிடந்தது, செலவழிக்க வழியில்லை. ஆகவே ஆடுகிறவர்களே ஸ்டோன் ஆஃப் ஜோர்டன் என்ற மோதிரத்தைப் பணமாக்கிக்கொண்டார்கள். பாத் ஆஃப் எக்ஸைல் (2013) இதிலிருந்து பாடம் கற்றுக்கொண்டு தங்கமே இல்லாமல் தொடங்கியது. பொருளை மாற்றியமைக்கப் பயன்படும் கோளங்களே அங்கே பணம், செலவழித்தால் தீர்ந்துபோகும். உங்கள் கேமில் பொற்காசு எதற்கு என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 'கடையில் வாள் வாங்க' என்ற ஒரு வரிதான் வருகிறது என்றால் நிறுத்தி யோசியுங்கள்.

நிறம் பற்றி ஒரு சின்ன வேண்டுகோள். பொருளின் தரத்தைக் காட்ட வெள்ளை, பச்சை, நீலம், ஊதா, ஆரஞ்சு என்று ஏறுகிற அந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்று மதுரையே பார்த்துக்கொண்டிருக்கும். பெட்டிக்குள் கைவிட்டு எடுக்கும்போது பச்சை வந்தால் அந்த வருஷம் வெள்ளாமை செழிக்கும் என்பது இங்கே நம்பிக்கை. நிறத்தில் ஒரு வருஷத்தையே படிக்கிற ஊர். அங்கே பச்சை என்றால் 'சுமாரான கியர்' என்று நீங்கள் எழுதினால் மனசு ஒட்டாது.

பழசை என்ன செய்வது என்று யாருமே யோசிப்பதில்லை. எல்லா கேமிலும் ஒரே வழி: கடையில் போட்டுக் காசாக்கு, அல்லது உடைத்துத் தூளாக்கு. இருபது மணி நேரம் நம் உயிரைக் காத்த வாளைக் குப்பை விலைக்கு விற்கிறோம், பை நிறைந்துவிட்டது என்பதற்காக. அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பனிடம் வேண்டிக்கொண்டு ஜனங்கள் அரிவாள் சாத்துகிறார்கள். ஆள் உயரத்துக்கு மேலேயும் செய்துகொண்டு வருவார்கள், அதில் பலவும் திருப்பாச்சேத்திப் பட்டறை வேலை. அந்த அரிவாள் யாருடைய கைக்கும் திரும்பாது, சாமியினுடையதாக நிற்கும். இதை ஒரு விளையாட்டு முறையாகச் செய்யலாமே! ஆடுகிறவன் தன் பழைய ஆயுதத்தை ஊர் எல்லையில் இருக்கிற காவல் தெய்வத்திடம் சாத்தட்டும். சாத்திய ஆயுதம் அங்கேயே நிற்கட்டும், எந்தெந்தச் சண்டையில் வந்தது என்ற குறிப்போடு. எந்த ஊரில் சாத்தினானோ அந்த ஊருக்கு ராத்திரிக் காவல் கொஞ்சம் கூடட்டும். பை காலியாகும், பொருளாதாரமும் வீங்காது, மறுபடி அந்தப் பக்கம் போகும்போது தன் வாளைத் தானே பார்ப்பான். உலகத்தில் வேறெந்த ஊர்க்காரருக்கும் தோன்றாத ஒரு சிஸ்டம் நம் வாசலிலேயே இருக்கிறது. பக்தி கெடாமல் செய்வது மட்டும் உங்கள் பொறுப்பு, கருப்பனை ஒரு கடை மாதிரி ஆக்கிவிடாதீர்கள்.

பலர் சேர்ந்து ஆடுகிற கேமாக இருந்தால் பங்கு பிரிப்பதில்தான் நட்பு முறியும். ஒரே ஒரு நல்ல கேடயம் விழுந்து, அதற்குத் தேவையே இல்லாத ஒருவன் பட்டனைத் தட்டிக் கொண்டுபோன ராத்திரிகளை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கண்டெடுத்த நடுகல்லில் ஆநிரை கவர்ந்த பூசலைப் பற்றிய செய்தி தமிழி எழுத்தில் இருக்கிறது. லூட்டுக்காக நடந்த சண்டைதான் அது. அப்படிக் கொண்டுவந்த மாட்டைப் பங்கிடுவதற்கும் நம் இலக்கணத்தில் முறை உண்டு, பாதீடு என்று தொல்காப்பியம் சொல்லும். வாளெடுத்துப் போர் செய்தவனுக்கும், முன்னால் போய் ஒற்றறிந்து வந்தவனுக்கும், நிமித்தம் பார்த்துச் சொன்னவனுக்கும் பங்கு கொடுத்ததாகப் புறப்பொருள் வெண்பாமாலை விவரிக்கிறது. டேமேஜ் பட்டியலில் மேலே இருக்கிறவனுக்கே எல்லாம் என்று அங்கே இல்லை. ஒற்றனுக்கும் வைத்தியனுக்கும் வழிகாட்டிக்கும் அவரவர் வேலைக்கு ஏற்ற பங்கு விழுகிற மாதிரி ஒரு முறையை நீங்கள் செய்து காட்டினால் உலகம் திரும்பிப் பார்க்கும்.

கடைசியாகப் பணம். இதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். என் அக்கா மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். ஒரு மொபைல் கேமில் பெட்டி திறக்கத் திறக்க அவன் அம்மாவின் போனில் இருந்த பணம் போனது. சின்னச் சின்னத் தொகையாகப் போனதால் மாதக் கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியவில்லை. கேட்டதற்கு அந்தப் பையன் "அடுத்த பெட்டியில வந்துரும்னு நெனச்சேன் மாமா" என்றான். அழுதுகொண்டே சொன்னான். அந்த நினைப்பை அவனுக்குள் யாரோ கணக்குப் போட்டு உருவாக்கியிருக்கிறார்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை. ஜப்பானில் 2012-லேயே ஒரு வகை 'கச்சா'வை (காசு கட்டிப் பொருளைக் குலுக்கி எடுப்பதை) நிறுத்த வைத்தார்கள். பெல்ஜியம் 2018-ல் காசு கொடுத்துத் திறக்கும் பெட்டியைச் சூதாட்டம் என்றே வகைப்படுத்தியது. தமிழ்நாட்டிலும் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. உங்கள் கேம் அந்தச் சட்டத்துக்குள் வருமா வராதா என்று வக்கீலிடம் கேட்பதற்கு முன்னால், பெட்டிக்குக் காசு வாங்குவதில்லை என்று உங்களுக்குள் முடிவெடுத்துவிடுங்கள். கேமுக்கு ஒரு விலை வையுங்கள், நாங்கள் கொடுக்கிறோம். உடை, தலைப்பாகை, குதிரைச் சேணம் என்று அலங்காரம் விற்பதாக இருந்தால் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குகிற மாதிரி விற்றுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

அடுத்த சோதனைப் பதிப்பை வெளியிடும்போது கூடவே பொருள் பட்டியலையும் எது எத்தனை சதவீத வாய்ப்பில் விழும் என்ற டிராப் விகிதங்களையும் வெளியிடுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் மூன்று விஷயம் எழுதியிருக்கட்டும்: இது யாருடையது, எங்கே இருக்கிறது, இது கையில் இருந்தால் ஆடுகிறவன் எதை வேறு மாதிரி செய்வான். மூன்றாவதற்குப் பதில் எழுத முடியாத பொருளைத் தயங்காமல் வெட்டிவிடுங்கள். முந்நூறு முப்பதாகக் குறைந்தாலும் பரவாயில்லை. முப்பதையும் நாங்கள் ஆடித் தீர்த்து, எது சரி எது சரியில்லை என்று விரிவாக எழுதுகிறோம். பழைய லேப்டாப்பில் ஓடுகிற மாதிரி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், இங்கே பாதிப் பேரிடம் இருப்பது அதுதான்.

அன்புடன்,
அனுப்பானடியிலிருந்து ஒரு அண்ணன்